ஆடியில் திறக்காத ரிஜிஸ்டர்

ஹர்கமான் ராய் என்னைக் "கிராணி" என்று கூப்பிடுவது எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. நான் கும்பகோணம் காலேஜில் பி.காம். முடித்தவன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பஹ்ரைனில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பர்சனல் கிளார்க். குதைபியாவில் இரண்டு ரூம் வீடு எடுத்து மனைவி ஜலஜாவோடும் மகளோடும் குடித்தனம் நடத்துகிறவன். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்களாம். அந்தப் பெயரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து என் தலையில் கட்டினான். "உமாபதின்னு கூப்பிடு, இல்லாட்டி சார்னு கூப்பிடு" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "சரி கிராணி" என்பான்.

அவன் நேபாளத்துக்காரன். சித்ரா தீவில் இருந்த எங்கள் கம்பெனி யார்டில் கேட் வாட்ச்மேன். அதற்கு முன்னால் பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்காப் படையில் இருந்தவன். பதினெட்டு வயதில் சேர்ந்து மலாயாவிலும் போர்னியோவிலும் காடு காடாக அலைந்தவன். சுங்கை பட்டாணியில் அவர்கள் முகாமுக்கு அடுத்தாற்போல் தமிழர்கள் வேலை பார்த்த தோட்டம் இருந்தது. அங்கே பொறுக்கிய தமிழைத்தான் என்னிடம் செலவு செய்வான். எங்கள் ஊர்ப் பக்கம் ராத்திரியில் விசில் ஊதிவிட்டு, மாதம் பிறந்தால் வாசலில் வந்து எட்டணா கேட்கிறவரைத்தான் நான் கூர்க்கா என்று அறிந்திருந்தேன். அதே நினைப்பில் இவனையும் நடத்தினேன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். ஆனாலும் அவன் எனக்கு "நீ". நான் அவனுக்கு "நீங்க".

என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பச்சை இரும்பு பீரோ. கம்பெனியில் இருந்த நாற்பத்து மூன்று பேரின் பாஸ்போர்ட்டும் அதற்குள் இருந்தன. சாவி என் இடுப்பில். ஏதோ பெரிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் பாஸ்போர்ட்டும் அதே பீரோவில்தான் கிடந்தது. அதை நான் வெளியே எடுக்க வேண்டுமென்றாலும் மானேஜர் பெல்லமி கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சிறைக்குச் சாவி வைத்திருக்கிற கைதி என்று ஜலஜா ஒருமுறை கேலி செய்தாள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

எழுபத்தேழு ஜூன் கடைசியில் பெல்லமி என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். சித்ராவில் வேலை முடிந்துவிட்டது. ஜூலை முப்பத்தொன்றோடு யார்டை மூடுகிறார்கள். பத்தொன்பது பேரை ஊருக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்குத் தோஹாவில் புது சைட். ஆபீசில் இருந்த இரண்டு கிளார்க்குகளில் ஒருவருக்குத்தான் தோஹா. நானா, அக்கவுண்ட்ஸ் பார்க்கும் செய்கு அலாவுதீனா என்பதை மாதக் கடைசியில் சொல்வதாகச் சொன்னார். பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

அனுப்பப்படுகிறவர்களில் ஐந்து வருஷம் முழுதாக முடித்தவர்களுக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் விலகல் பணம் உண்டு. கம்பெனி விதி. முடிக்காதவர்களுக்கு விமான டிக்கெட், கை குலுக்கல், அவ்வளவுதான்.

பட்டியலை டைப் அடிக்க உட்கார்ந்தேன். ரிஜிஸ்டரைப் பார்த்து ஒவ்வொரு பெயராக, சேர்ந்த தேதியாக. பதினோராவது பெயர் ஹர்கமான் ராய். சேர்ந்த தேதி 21 ஆகஸ்ட் 1972. சர்வீஸ் நான்கு வருஷம், பதினோரு மாதம், பத்து நாள். விலகல் பணம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அடிக்கப் போன விரல் அப்படியே நின்றது.

அவன் வந்தது ஆகஸ்டில் இல்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஆடி மாதத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டேன். ஒரு பனியன் வாங்குவதென்றாலும் ஆவணி பிறக்கட்டும் என்பேன். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை; முழுக்க என் சொந்தப் பிடிவாதம். எழுபத்திரண்டில் பஹ்ரைன் ஆபீஸ் புதிது. ஜூலையில் லண்டனிலிருந்து பெரிய ஸ்டாஃப் ரிஜிஸ்டர் வந்து இறங்கியது. சிவப்பு முதுகு, தடித்த அட்டை. வந்த நாள் ஆடி ஒன்று. பிரவுன் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஹர்கமான் வந்து இறங்கினான். அன்று சாயங்காலமே கேட்டில் கொண்டுபோய் நிறுத்தினோம். சம்பளத்தைச் சில்லறைச் செலவு என்று எழுதி வவுச்சரில் கொடுத்தேன்.

ஆவணி பிறந்து முதல் திங்கட்கிழமை, வளர்பிறை, ரிஜிஸ்டரைப் பிரித்தேன். மூலைக்கு மஞ்சள் வைத்தேன். பக்கத்தின் தலையில் பென்சிலால் பிள்ளையார் சுழி போட்டேன். முதல் புதுப் பதிவு ஹர்கமான் ராய். நல்ல நாளில் தொடங்கும் புத்தகத்தில் ஆடித் தேதியை எழுத மனம் வரவில்லை. அன்றைய தேதியையே போட்டேன். பக்கத்து மேஜையிலிருந்து அலாவுதீன் எட்டிப் பார்த்தார்.

"என்னாங்க உமாபதி, அந்த ஆளு போன மாசமே வந்துட்டாரே. தேதியத் தேதியாப் போடுங்களேன்."

"ஒரு வாட்ச்மேனுக்கு ஒரு மாசத்துல என்னய்யா முழுகிப் போச்சு?" என்றேன் நான்.

ஹர்கமானைக் கூப்பிட்டு, இங்கே கையெழுத்துப் போடு என்று விரலை வைத்துக் காட்டினேன். போட்டான்.

ஐந்து வருஷம் கழித்து என்ன முழுகியது என்று இப்போது தெரிந்தது. தொண்ணூறு தினார். ஜூலை பத்தொன்பது என்று எழுதியிருந்தால் ஐந்து வருஷமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருக்கும். நான் 'இல்லை' என்று அடித்து முடித்தேன். காகிதத்தை உருவி பெல்லமியின் மேஜையில் வைத்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. குழாயில் வெந்நீர்தான் வந்தது.

கடிதம் கைக்குப் போன மறுநாள் ஹர்கமான் என் மேஜைக்கு வந்தான். ட்யூட்டி முடிந்து வந்திருந்தான். ஆனால் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. கம்பெனிக் கடிதத்தை மேஜையில் வைத்தான். பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த இன்னொரு கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். பழுப்பேறிய காகிதம், மேலே ராணுவ முத்திரை. இரண்டிலும் ஒரே ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தான்.

"இந்த வார்த்தை எனக்குத் தெரியும் கிராணி. ரிடண்டன்ட். ஆளு ஜாஸ்தி, வேலை கம்மி. போ வீட்டுக்கு."

"ஆமாம்" என்றேன்.

"பட்டாளத்துல பதினாலு வருஷம் ஏழு மாசம். பதினஞ்சு ஆனா பென்ஷன். சாகிற வரைக்கும் வரும். ஆகல. பென்ஷன் மாஃபி, கெடையாது. மொத்தமா கொஞ்சம் பணம் குடுத்தாங்க. பெரிய சாப் வந்து கை குடுத்தாரு. நான் சலூட் அடிச்சேன், வெளிய வந்தேன். ஒண்ணுமே கேக்கல. அதான் நான் பண்ணின தப்பு." அவன் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "அந்தப் பணம் ரெண்டு வருஷத்துல போச்சு. வயலை அடகு வெச்சு ஏஜெண்டுக்குக் குடுத்து இங்க வந்தேன். இப்ப கையில இருக்கிறதோட தொண்ணூறு தினார் சேந்தா வயல் வரும். சேரலன்னா வேற ஊரு, வேற கேட்டு. எனக்கு நாப்பது ஆச்சு கிராணி. இன்னொரு கேட்டுல என்னால நிக்க முடியாது."

லீவுக்குக்கூட அவன் போனதில்லை. லீவைச் சம்பளமாக வாங்கி வட்டி கட்டினான். அந்தப் பண விண்ணப்பங்களையும் நான்தான் டைப் அடித்தேன்.

"நான் வந்தது ஜூலை பத்தொன்பது, புதன்கிழமை. பெரிய சாப்புக்கு எழுதுங்க. யாரோ தப்பா எழுதிட்டாங்க. பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்கும்ல? அதைப் பாருங்க."

பாஸ்போர்ட் என் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் இருந்தது. முந்தின நாளே அதை எடுத்துப் பார்த்துவிட்டேன். வயலட் மையில் பளிச்சென்று ஜூலை 19.

"பார்த்தேன்" என்றேன். "முத்திரை அழிஞ்சு போயிருக்கு. தேதி தெரியல."

இதை எழுதும்போது இன்றும் எனக்கு நாக்கு கசக்கிறது. ஆனால் அன்று ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன்.

"காட்டுங்க. நான் பாக்கறேன்."

"மானேஜர் சீட்டு இல்லாம எடுக்கக் கூடாது. ரூல்."

அவன் பீரோவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டு கடிதங்களையும் எடுத்து மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது ஜலஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசம் ஊற்ற எடுத்த கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள்.

"அந்த மனுஷனுக்கா? போன வருஷம் நம்ம உஷாவுக்கு ஜுரம் வந்தப்ப ஐஸ்கட்டி கொண்டுவந்து குடுத்தாரே, அவருக்கா?"

"அவனுக்குத்தான்."

"சொல்லிட்டா என்ன ஆகும்?"

"தோஹா வேலை போயிடும். ரிஜிஸ்டர்ல பொய்த் தேதி எழுதினவனை யார் வெச்சுப்பாங்க? ஊருக்குப் போனா உன் தங்கை கல்யாணக் கடன் அப்படியே நிக்குது. உஷா ஸ்கூலு பாதியில நிக்குது."

உள்ரூமிலிருந்து உஷா, "அம்மா, வாட் இஸ் ரிடண்டன்ட்?" என்று கேட்டாள். ஏழு வயது. காது மட்டும் பாம்புக் காது.

ஜலஜா உள்ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "சும்மா இருங்க" என்றாள். "நாம சும்மா இருந்துடலாம். அவர் பட்டாளத்து ஆளு, எங்கயாவது பொழைச்சுப்பாரு." சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்படியில் நின்று அழுதாள். அவள் சொன்னதைத்தான் நான் அவள் வாயிலிருந்து கேட்க விரும்பினேன் என்பது அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆபீசுக்குப் போனால் பெல்லமியின் அறைக் கதவுக்கு வெளியே ஹர்கமான் நின்றுகொண்டிருந்தான். நேராக, கால் அகட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி. ட்யூட்டி நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான் நின்றான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு நின்றான். பெல்லமி வெளியே வரும்போதெல்லாம், "சாப், ஒன் கொஸ்டின்" என்றான். அவர் "பிறகு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றான். என் மேஜையிலிருந்து பார்த்தால் அவன் முதுகு தெரியும். நான் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தப்பாக விழுந்தது. அலாவுதீன் ஒன்றும் பேசாமல் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது. அவர் வாயைத் திறந்திருந்தால் தோஹா அன்றே அவருக்குத்தான். திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் பெல்லமி சலித்துப்போய், "உள்ளே வரச் சொல். நீயும் வா, எனக்கு அவன் பேசுவது புரியவில்லை" என்று என்னைக் கூப்பிட்டார். ரிஜிஸ்டரையும் எடுத்து வரச் சொன்னார்.

ஆக, என் மேல் வந்த புகாரை நானே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இதைவிட இறுக்கமான சுருக்கை எனக்கு யாரும் போட்டிருக்க முடியாது.

ஹர்கமான் பேசினான். "நான் ஜூலை பத்தொன்பது வந்தேன். அன்னைக்கு சாயங்காலமே கேட்டுல நின்னேன். ஜூலை மிச்சம் பூராவும் நின்னேன், ஆகஸ்ட் பூராவும் நின்னேன். புஸ்தகத்துல ஆகஸ்ட் இருபத்தொண்ணு இருக்கு. அதை யாரு எழுதினது? அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நான் பெல்லமியிடம், "ஜூலையில் வந்ததாகச் சொல்கிறான் சார்" என்றேன்.

"ரிஜிஸ்டரில் அவன் கையெழுத்து இருக்கிறதே, அதைச் சொல்" என்றார் பெல்லமி. சொன்னேன்.

"போட சொன்னாங்க, போட்டேன். பட்டாளத்துலயும் போட சொன்ன இடத்துல எல்லாம் போட்டேன். யாரு எழுதினதுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. பதினாலு வருஷம் வெள்ளைக்கார ஆபீசர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இங்கிலீஷ் பேச வராதே தவிர, ஒரு கேள்வி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அவனுக்குத் தெரியும்.

"நான் சொன்னது நீளம் கிராணி. நீங்க சொன்னது கட்டை."

ஏசி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த அறையில் கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது, ஆனால் நான் வெளியே போவதற்கு வழி என்று ஒன்றும் இல்லை. பொய்யைத் தொடரலாம். தொடர்ந்தால் இவன் நாளைக்கும் வந்து நிற்பான். நாளை மறுநாளும் நிற்பான். நான் தோஹாவுக்குப் போனாலும் என் மேஜைக்கு எதிரே அவன் முதுகு நிற்கும். பயத்தில்தான் சொன்னேன். நல்லவன் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"நான்தான் எழுதினேன்" என்றேன், முதலில் அவனிடம், தமிழில்.

"நீங்களா?"

"முத்திரையும் அழியல. நல்லாவே தெரியுது. பொய் சொன்னேன்."

"ஏன் அப்பிடி எழுதினீங்க?"

"அது ஆடி மாசம். எங்க பக்கத்துல அந்த மாசத்துல புதுசா எதுவும் தொடங்க மாட்டோம். அதான் அடுத்த மாசம் நல்ல நாள் பார்த்து…"

சொல்லச் சொல்ல என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

"அந்த மாசம் முழுக்க நான் நின்னேனே கிராணி" என்றான் அவன்.

என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று பெல்லமி கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை நீளமாக, ஒன்றும் விடாமல். பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரையைக் காட்டினேன். அவர் ரிஜிஸ்டரின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மூலையில் மங்கிய மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சாமிக்கு வைத்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவருடைய அந்த அமைதியான குரலில் விளக்கினார். முத்திரை, இவன் நாட்டுக்குள் நுழைந்த தேதியைத்தான் காட்டும். வேலையில் சேர்ந்த தேதிக்கு ரிஜிஸ்டர்தான் சாட்சி. அதைத் திருத்த வேண்டுமென்றால், தெரிந்தே தவறான தேதியை எழுதினேன் என்று கிளார்க் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினால் இவனுக்குப் பணம் கிடைக்கும். கிளார்க்கைப் பொறுத்தவரை, தோஹா கிடையாது. அது மட்டும் இல்லை. ஒரு தேதி பொய் என்றால் நாற்பத்து மூன்று பேரின் தேதியையும் லண்டனிலிருந்து ஆள் வந்து சரிபார்க்க வேண்டும். அதுவரை அந்தக் கிளார்க் ஊரைவிட்டுப் போக முடியாது. சம்பளம் ஜூலையோடு நின்றுவிடும். கிளார்க்கின் விலகல் பணமும் பாஸ்போர்ட்டும் இங்கேயே இருக்கும். ஆள் எப்போது வருவார் என்று தனக்குத் தெரியாது.

"உன் இஷ்டம் மிஸ்டர் உமாபதி. யோசித்துச் சொல்" என்றார்.

நான் ஹர்கமானைத் திரும்பிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்த்துத்தான் திரும்பினேன். 'விடுங்க கிராணி, உங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கு, நான் எப்படியாவது பாத்துக்கறேன்' என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனைப் போன்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குள் யாரோ உறுதியாக எழுதி வைத்திருந்தார்கள். பெல்லமி சொன்னதை ஒன்றும் மறைக்காமல் அவனுக்குத் தமிழில் சொன்னேன். என் பாஸ்போர்ட் பற்றிச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தழைத்துக்கூடச் சொன்னேன்.

அவன் கவனமாகக் கேட்டான். அவன் முகத்தில் இரக்கம் இருந்தது. அது நிச்சயம். பிறகு மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டான்.

"எழுதுங்க கிராணி" என்றான்.

எனக்கு அவன் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. எழுதினேன். ஒன்றரைப் பக்கம். பேனா காகிதத்தில் ஓடும் சத்தத்தை அவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டு முடித்ததும் பெல்லமி கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. பீரோ சாவி. வேட்டி கட்டுகிற காலத்துப் பழக்கத்தில் இடுப்புக் கயிற்றில் முடிந்து வைத்திருந்ததை, பேண்டுக்குள் கையை விட்டு அவிழ்த்து, அவர்கள் இரண்டு பேர் முன்னால் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் அலாவுதீன் பீரோவைத் திறந்து பத்தொன்பது பாஸ்போர்ட்டுகளையும் வரிசையாகக் கொடுத்தார். ஹர்கமான் தொண்ணூறு தினாரை இரண்டு முறை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். போடுவதற்கு முன்னால் காகிதத்தில் இருந்த தேதியை அலாவுதீனை வாய்விட்டு வாசிக்கச் சொன்னான். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

சம்பளம் நின்ற வீட்டில் மூன்று பேர் இருக்க முடியாது. பிரிட்ஜையும் தையல் மெஷினையும் விற்று ஜலஜாவுக்கும் உஷாவுக்கும் பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தேன். அவர்கள் பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். ஜலஜா நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. கோபம் நான் சொன்னதற்கா, சொல்லாமல் இருந்ததற்கா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பெட்டி கட்டும்போது மட்டும், "நான் சும்மா இருங்கன்னு சொன்னது தப்புங்க. ஆனா இப்ப பயமா இருக்கு" என்றாள். எனக்கும் பயமாக இருந்தது. அதைச் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டோம்.

முஹர்ரக் விமான நிலையத்தில் பம்பாய் விமானத்துக்கான வரிசையில் ஹர்கமானும் நின்றிருந்தான். தகரப் பெட்டி, கோட்டு, பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸ். எங்களைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்தான். ஜலஜாவின் கையிலிருந்த பெரிய பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டான். உஷா அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவன் ஐஸ்கட்டி மாமா.

"பம்பாயில மதராஸ் ரயிலு ஏத்திவிட்டுட்டுத்தான் நான் போவேன்" என்றான். தயவு மாதிரி சொல்லவில்லை, ட்யூட்டி மாதிரி சொன்னான்.

"நீங்க போங்க, உங்களுக்கு லேட் ஆகும்" என்றேன். 'நீங்க' என்று அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பாஸ்போர்ட் உள்ளவர்கள் போகலாம். ஜலஜா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். உஷா, "அப்பா, ஒய் ஆர் யூ நாட் கம்மிங்?" என்று கத்தினாள். ஆபீசில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று கத்தினேன். ஹர்கமான் மட்டும் ஏதோ நினைத்துக்கொண்டு கம்பி வரைக்கும் திரும்பி வந்தான்.

"கிராணி, லண்டன் ஆளு வந்தா உங்க பணத்தையும் கணக்குப் பாப்பாங்க. அவங்க எழுதறதை நம்பாதீங்க. நீங்க வந்த தேதிய நீங்களே தாள்ல எழுதி வெச்சுக்கங்க. என்ன தேதி நீங்க வந்தது?"

வாயைத் திறந்தேன். எழுபத்திரண்டு, தை மாதம். பொங்கல் கழிந்து மூன்றாவது நாளா, நான்காவது நாளா? ஊரில் கிளம்பியது நல்ல நாள், அது தெரியும். இங்கே வந்து இறங்கிய தேதி பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது.

அவன் பையைத் தோளில் மாட்டியபடி, நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றான்.